ரெயிலில் ஏறத் தடை! காலால் நடந்தே நாட்டை எழுப்பிய சுப்பிரமணிய சிவா

தர்மபுரியில் இருந்து வடமேற்கே போகும் சாலையில் பாப்பாரப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது.

வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளையும். மழை பொய்த்தால் புளியமரமே துணை. தூரத்தில் குன்றுகள் தெரியும். வெயில் ஏறினால் செம்மண் கொதிக்கும்.

1925-ம் ஆண்டு ஜூலை மாதம் 22-ந்தேதி, அந்த ஊருக்கு ஒரு மனிதர் வந்து சேர்ந்தார்.

அவர் வந்தது மதுரையில் இருந்து. மதுரைக்கும் பாப்பாரப்பட்டிக்கும் இடையே எத்தனையோ ரெயில் நிலையங்கள் உண்டு. ஆனால் அவர் ரெயிலில் வரவில்லை. கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் வந்தார்.

பணம் இல்லாததால் அல்ல. டிக்கெட்டு வாங்கினாலும் அவரை ஏற்றமாட்டார்கள். தொழுநோயாளர் என்று ரெயில் பயணம் அவருக்குத் தடை செய்யப்பட்டு இருந்தது.

உடம்பு முழுவதும் துணி சுற்றி இருந்தது. துணிக்குக் கீழே புண்கள். வயது அதிகம் இல்லை. நாற்பது முடிந்து நாற்பத்தொன்று நடந்துகொண்டு இருந்தது. பார்த்தவர்களுக்கோ அவர் முதியவர் போலத் தோன்றி இருப்பார்.

அவர்தான் சுப்பிரமணிய சிவா. ஒரு காலத்தில் அவர் வாய் திறந்தால் தூத்துக்குடிக் கடற்கரையே பொங்கும். அந்தப் பேச்சுக்கு அஞ்சித்தான் வெள்ளைக்கார சர்க்கார் அவரைச் சிறையில் அடைத்தது. சிறைதான் அவருக்கு அந்த நோயையும் கொடுத்தது.

வத்தலக்குண்டுப் பையன்

சிவா பிறந்தது தர்மபுரிச் சீமையில் அல்ல. அன்றைய மதுரை ஜில்லாவில், இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள வத்தலக்குண்டில் 1884-ம் ஆண்டு அக்டோபர் 4-ந்தேதி பிறந்தார். தந்தை பெயர் ராஜம் அய்யர். தாயார் நாகம்மாள். குழந்தைக்கு வைத்த பெயர் சுப்பராமன்.

குடும்பத்தில் வறுமை. மதுரையில் கொஞ்ச காலம் படித்தான் சிறுவன். பிறகு வயிற்றுப்பாட்டுக்காகக் குடும்பம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. அங்கே திருவாங்கூர் மகாராஜாவின் ஊட்டுப்புரையில் இலவசச் சாப்பாடு கிடைக்கும். அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே சுப்பராமன் படிப்பைத் தொடர்ந்தான்.

1899-ம் ஆண்டில் கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் மீனாட்சி. அந்தக் கால வழக்கப்படி இருவருக்கும் சின்ன வயது.

எல்லோரையும் போல ஒரு குமாஸ்தா உத்தியோகம் தேடிக்கொண்டு, சம்பளம் வாங்கி, குடும்பம் நடத்தி இருக்கலாம். ஆனால் அவர் மனம் அதில் ஒட்டவில்லை. சாமியார்களைத் தேடிப் போனார். வேதாந்தம் படித்தார். சந்நியாசியைப் போல வாழத் தொடங்கினார். சுப்பராமன் என்ற பெயர் போய், சுப்பிரமணிய சிவா என்ற பெயர் வந்தது.

சந்நியாசியின் புது வேதம்

1905-ம் ஆண்டில் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. அன்னியத் துணியைக் கொளுத்தினார்கள். சுதேசிச் சாமான்களையே வாங்குவோம் என்று சபதம் செய்தார்கள்.

அந்த நேரத்தில் வடக்கே இருந்து திருவாங்கூருக்கு வந்த ஆரிய சமாஜப் பிரசங்கி ஒருவரின் பேச்சை சிவா கேட்டார். அன்றோடு அவர் வாழ்க்கை திசை திரும்பியது. ஆத்மாவுக்கு விடுதலை தேடிக்கொண்டு இருந்தவர், நாட்டுக்கு விடுதலை கிடைக்காமல் தனி மனிதனுக்கு என்ன விடுதலை என்று எண்ணத் தொடங்கினார்.

திருவனந்தபுரத்தில் தர்ம பரிபாலன சமாஜம் என்ற சங்கத்தை ஏற்படுத்தினார். இளைஞர்களைக் கூட்டினார். தேசபக்தியைப் பேசினார்.

சமஸ்தான அதிகாரிகள் பார்த்தார்கள். இவர் இங்கே இருந்தால் ஆபத்து என்று முடிவு கட்டினார்கள். சமஸ்தானத்தை விட்டு வெளியேறும்படி உத்தரவு போட்டார்கள்.

சிவா கலங்கவில்லை. ஊர் ஊராக நடந்தார். வழியில் எங்கே கூட்டம் கண்டாலும் பேசினார். இப்படி நடந்து 1908-ம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார்.

இரண்டு நண்பர்கள்

தூத்துக்குடியில் அப்போது ஒரு பெரிய போராட்டம் நடந்துகொண்டு இருந்தது. வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்குப் போட்டியாக வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை 1906-ம் ஆண்டில் தொடங்கி இருந்தார். கொழும்புக்குக் கப்பல் ஓடியது.

சிதம்பரம் பிள்ளை சிவாவைக் கண்டார். பேச்சைக் கேட்டார். தம் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார்.

சிதம்பரம் பிள்ளை சட்டம் படித்தவர். சிவாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். சிவாவோ கையில் காசு இல்லாத சந்நியாசி. அப்போது அவருக்கு வயது 23. ஒருவர் செயலில் வல்லவர். மற்றவர் பேச்சில் வல்லவர். இருவரும் சேர்ந்தபோது நெருப்பும் காற்றும் சேர்ந்தது போல் ஆயிற்று.

மாலை நேரங்களில் கடற்கரையில் கூட்டம் நடக்கும். கப்பலில் மூட்டை தூக்கும் கூலிகள், மில் தொழிலாளர், கடைக்காரர், பள்ளிக்கூடப் பையன்கள் என்று எல்லோரும் வந்து மணலில் உட்காருவார்கள். சிவா பேசுவார். படித்தவர்களுக்கு மட்டும் விளங்கும் பேச்சு அல்ல அது. கூலி வேலை செய்பவனுக்கும் நேராக நெஞ்சில் போய்த் தைக்கும் தமிழ்.

மில் கதவு மூடியது

தூத்துக்குடியில் வெள்ளைக்காரர்கள் நடத்திய கோரல் மில் இருந்தது. பொழுது விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை. வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வு கிடையாது. கூலியோ மிகக் குறைவு. சிறு பிள்ளைகளும் அங்கே வேலை செய்தார்கள்.

1908-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந்தேதி தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள்.

வேலைக்குப் போகாதவன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? ஊர் மக்கள் கைகொடுத்தார்கள். தொழிலாளர்களுக்கு உணவுக்கு வழி செய்தார்கள். வெள்ளைக்காரனுக்கு முகச்சவரம் செய்யக்கூட நாவிதர்கள் மறுத்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள்.

சில நாட்களிலேயே மில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஓய்வாக உட்கார்ந்து இருக்கும் தொழிலாளியும் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது தானாக வந்துவிடவில்லை. அதற்காகச் சிலர் பேசினார்கள். சிலர் பட்டினி கிடந்தார்கள்.

நெல்லையில் துப்பாக்கிச் சூடு

மில்லில் கிடைத்த வெற்றி கலெக்டரை உறுத்தியது. இந்த இரண்டு பேரையும் விட்டுவைத்தால் ஜில்லாவே கைவிட்டுப் போய்விடும் என்று அதிகாரிகள் பயந்தார்கள்.

அப்போது வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் சிறையில் இருந்து விடுதலையானார். அதை மார்ச் 9-ந்தேதி கொண்டாடத் திட்டமிட்டார்கள். அதிகாரிகள் தடுத்தார்கள். தடையைப் பொருட்படுத்தாமல் விழா நடந்தது.

மார்ச் 12-ந்தேதி சிதம்பரம் பிள்ளை, சிவா, பத்மநாப அய்யங்கார் ஆகிய மூவரும் கைது செய்யப்பட்டார்கள்.

மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. கடைகள் அடைபட்டன. மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். நகரசபை அலுவலகம் தீப்பற்றி எரிந்தது. போலீஸ் நிலையமும் தபால் நிலையமும் தாக்கப்பட்டன. போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். நான்கு உயிர்கள் போயின.

அந்த நான்கு பேரும் தலைவர்கள் அல்ல. ஆயினும் தங்கள் தலைவர்களைப் பிடித்துப் போனார்கள் என்று கேட்டதும் தெருவுக்கு வந்தவர்கள்.

பின்கே துரையின் தீர்ப்பு

வழக்கு நடந்தது. சிவா பேசிய பேச்சுகள் ராஜத்துரோகம் என்பது குற்றச்சாட்டு. அந்தச் சிவாவுக்கு வீட்டில் இடம் கொடுத்து, பேச உதவி செய்தது சிதம்பரம் பிள்ளையின் மேல் சுமத்திய குற்றங்களில் ஒன்று. சோறு போட்டு இடம் கொடுப்பதும் குற்றம் ஆயிற்று!

கோர்ட்டில் சிவா தம்மை ஒரு சந்நியாசி என்றே சொல்லிக்கொண்டார். விடுதலையைப் பற்றிப் போதிப்பதே தம் வேலை என்றார். பேசியதை மறைக்கவும் இல்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

1908-ம் ஆண்டு ஜூலை 7-ந்தேதி நீதிபதி பின்கே தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்குப் பத்து ஆண்டு தீவாந்தர தண்டனை. சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு குற்றங்களுக்கும் சேர்த்து நாற்பது ஆண்டு. கேட்டவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள்.

சென்னை ஐகோர்ட்டுக்கு அப்பீல் போயிற்று. இருவருடைய தண்டனையும் ஆறு ஆண்டாகக் குறைந்தது. சிவாவுக்கு அது கடுங்காவல் தண்டனை.

ஜெயில் கொடுத்த பரிசு

திருச்சி ஜெயிலிலும் சேலம் ஜெயிலிலும் சிவாவின் நாட்கள் கழிந்தன. அரசியல் கைதி என்று தனி மரியாதை எதுவும் அப்போது கிடையாது. திருடனுக்கும் கொலைகாரனுக்கும் உள்ள உடைதான். அதே உணவுதான். அதே கடின வேலைதான்.

அங்கேதான் அவருக்குத் தொழுநோய் பிடித்தது.

இந்த நோயைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தது அன்று மக்களுக்குத் தெரியாது. இது ஒரு கிருமியால் வருவது. நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873-ம் ஆண்டிலேயே அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். தொட்டவுடன் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல இது. சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கி இருந்தால், அவர் மூச்சில் இருந்தும் தும்மலில் இருந்தும் பரவலாம். அப்போதும் பெரும்பாலானவர்களுக்கு இது வருவதில்லை. அவர்கள் உடம்பே கிருமியை எதிர்த்து நின்றுவிடும். கிருமி புகுந்தவர்களுக்கும் நோய் வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம்.

நெருக்கமான கொட்டடி, கடின உழைப்பு, சத்தில்லாத உணவு என்று கிடந்த மனிதனின் உடம்பு எவ்வளவு நாள் தாங்கும்?

கிருமியால் வரும் நோய் என்று டாக்டர்கள் சொன்னாலும், ஊர் அதைப் பாவத்தின் சம்பளம் என்றே சொல்லியது. நோய் வந்தவரைப் பார்த்து மக்கள் ஒதுங்கினார்கள். பெற்ற தாய் தந்தையரைக் கூட வீட்டுக்கு வெளியே வைத்தவர்கள் உண்டு. சர்க்காரும் அதற்கு ஏற்றபடியே சட்டம் போட்டு இருந்தது. 1898-ம் ஆண்டில் வந்த தொழுநோயாளர் சட்டத்தின்படி, ஏழை நோயாளிகளைப் பிடித்துத் தனி விடுதிகளில் அடைக்க முடியும்.

சிறைவாசலில் ஒரு சந்திப்பு

1912-ம் ஆண்டு நவம்பர் 2-ந்தேதி சிவா விடுதலையானார். அடுத்த மாதம் சிதம்பரம் பிள்ளையும் விடுதலையானார்.

கைதானபோது ஊரே பற்றி எரிந்தது. விடுதலையான நாளிலோ வரவேற்கக் கூட்டம் இல்லை. மக்கள் பயந்துபோய் இருந்தார்கள். 1911-ம் ஆண்டில் மணியாச்சி ரெயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றபின், போலீஸ் கெடுபிடி அதிகமாகி இருந்தது.

சிறைவாசலில் சிதம்பரம் பிள்ளைக்காகக் காத்து நின்ற மிகச் சிலருள் சிவாவும் ஒருவர் என்று சொல்வார்கள். நோயால் உருமாறிய நண்பரை சிதம்பரம் பிள்ளைக்கு முதலில் அடையாளம் தெரியவில்லையாம்.

1961-ம் ஆண்டில் வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் படம் பார்த்தவர்கள் இதை மறக்க முடியாது. சிவாவாக நடித்தவர் டி.கே.சண்முகம். சிதம்பரம் பிள்ளையாக நடித்தவர் சிவாஜி கணேசன்.

பேனா பிடித்த கை

கூட்டம் போட்டால் போலீஸ் வரும். நோயைக் கண்டால் ஜனங்கள் ஒதுங்குவார்கள். இனி என்ன செய்வது?

சிவா பேனாவைக் கையில் எடுத்தார்.

சென்னையில் 1913-ம் ஆண்டில் ஞானபானு என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். புதுச்சேரியில் இருந்து பாரதியார் அதற்கு எழுதினார். சிதம்பரம் பிள்ளையும் எழுதினார். வறுமையும் நோயும் வாட்டிய காலத்திலும் தமிழுக்காக அந்தப் பத்திரிகை உழைத்தது. வடமொழி கலக்காமல் நல்ல தமிழில் எழுதுபவருக்குப் பரிசு தருவதாகவும் சிவா அதில் அறிவித்தார். தனித்தமிழ் என்ற பேச்சு அப்போதுதான் தலையெடுத்த காலம்.

பிறகு பிரபஞ்ச மித்திரன் என்ற பத்திரிகையையும் நடத்தினார். ராமானுஜ விஜயம், மத்வ விஜயம் முதலிய நூல்களை எழுதினார்.

1915-ம் ஆண்டில் மனைவி மீனாட்சி அம்மாள் காலமானார். சிறு வயதில் கைப்பிடித்து வந்த நாள் முதல் கணவரின் நாடோடி வாழ்க்கையையும், சிறைவாசத்தையும், நோயையும் பார்த்தவர் அவர். நாட்டுக்கு உழைத்தவர்களின் கதையைச் சொல்லும்போது, வீட்டில் காத்திருந்தவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை. அந்த அம்மையாருக்கும் ஒரு கும்பிடு போட வேண்டும்.

டிக்கெட்டு இருந்தும் இடம் இல்லை

நோய் முற்றியது. ஆனாலும் சிவா ஒரு மூலையில் உட்காரவில்லை. மறுபடியும் ஊர் ஊராகப் போய்ப் பேசத் தொடங்கினார்.

அப்போதுதான் அவர் ரெயிலில் ஏறக்கூடாது என்ற தடை வந்தது. நோயைக் காரணம் காட்டினார்கள். ஆனால் அதனால் சர்க்காருக்கு இன்னொரு லாபமும் இருந்தது. ரெயில் இல்லை என்றால் இந்த மனிதர் எத்தனை ஊருக்குப் போக முடியும்?

சிவா நடந்தார்.

கால் விரல்களில் புண். பாதத்தில் உணர்ச்சி குறைந்த இடங்கள். தொழுநோய் நரம்பைத் தாக்கும். கல் குத்தினாலும் முள் தைத்தாலும் தெரியாது. தெரியாமல் நடக்க நடக்கப் புண் பெரிதாகும். அந்தக் காலோடுதான் அவர் மைல் கணக்கில் நடந்தார். முடியாதபோது மாட்டு வண்டி பிடித்தார். வண்டிக்காரர் மறுத்தால் மீண்டும் நடந்தார். ஊருக்குள் நுழையும் முன் புண்களைத் துணியால் மூடிக்கொள்வார். பிறகு மேடை ஏறுவார்.

குரல் மட்டும் மாறவில்லை. முகத்தைப் பார்த்து விலகியவர்கள், குரலைக் கேட்டு நின்றார்கள்.

1921-ம் ஆண்டில் காவி உடுத்து, சுதந்திரானந்தர் என்ற பெயரையும் பூண்டார். அதே ஆண்டில் மீண்டும் கைது. மீண்டும் ராஜத்துரோக வழக்கு. மீண்டும் சிறை. தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே விட்டார்கள். நோயாளியை வைத்துக்கொள்ள ஜெயிலும் விரும்பவில்லை!

அதே ஆண்டு செப்டம்பரில் பாரதியார் மறைந்திருந்தார். பழைய துணைவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வந்தார்கள்.

பாப்பாரப்பட்டி இடம் கொடுத்தது

இந்த நிலையில் அவருக்கு இடம் கொடுத்த மண்தான் பாப்பாரப்பட்டி.

அப்போது அது சேலம் ஜில்லாவில் இருந்தது. 1965-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதிதான் தர்மபுரி தனி மாவட்டம் ஆயிற்று. பழங்காலத்தில் இந்தப் பகுதிக்குத் தகடூர் என்று பெயர். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவ்வையாருக்குக் கொடுத்த அதியமான் ஆண்ட நாடு இது. மண் வறண்டாலும் மனம் வறளாத ஊர் என்று பெயர் வாங்கிய பூமி.

சின்னமுத்து முதலியார் முதலிய உள்ளூர் நண்பர்கள் துணை நின்றார்கள். ஊருக்கு அருகே நிலம் கிடைத்தது. அந்த இடத்துக்கு பாரதபுரம் என்று பெயர் வைத்தார் சிவா. அங்கே பாரத ஆசிரமத்தை ஏற்படுத்தினார்.

அவர் மனத்தில் ஒரு பெரிய ஆசை இருந்தது. பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும். அந்தக் கோயிலில் சாதி கேட்கக்கூடாது. மதம் கேட்கக்கூடாது. உயர்ந்தவன், தாழ்ந்தவன் என்று வாசலில் யாரையும் நிறுத்தக்கூடாது.

அன்று தமிழ்நாட்டில் எத்தனையோ பெரிய கோயில்கள் இருந்தன. அவற்றின் வாசலில் லட்சக்கணக்கான மக்களைத் தடுத்து நிறுத்தி இருந்தார்கள். ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939-ம் ஆண்டில்தான். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, வறண்ட பாப்பாரப்பட்டியில் எல்லோருக்கும் கதவு திறக்கும் கோயிலைக் கட்ட ஒருவர் கனவு கண்டார். ரெயில் பெட்டியின் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர் அவர். வாசலில் நிற்பவனின் வலி அவருக்குத் தெரியும்.

1923-ம் ஆண்டில் கோயிலுக்கு அடிக்கல் நாட்டு விழா நடந்தது. அடிக்கல் நாட்டியவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். கல்கத்தாவில் பெரிய பாரிஸ்டராக இருந்து, வருமானத்தை எல்லாம் உதறிவிட்டு நாட்டுக்கு உழைக்க வந்த தலைவர். அவர் வந்த நாளில் பாப்பாரப்பட்டி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

கடைசிப் பயணம்

அடிக்கல் நாட்டினால் போதுமா? சுவர் எழும்பப் பணம் வேண்டும். சிவாவிடம் பணம் ஏது?

நோயோடு மீண்டும் புறப்பட்டார். கோயிலுக்காக ஊர் ஊராகப் பணம் திரட்டினார். கிடைத்தது சிறிது. செலவோ பெரிது. காலம் ஓடியது. உடம்பு ஒடுங்கியது.

1925-ம் ஆண்டு ஜூன் 16-ந்தேதி தார்ஜிலிங்கில் தேசபந்து தாஸ் காலமானார். கோயிலுக்குக் கல் நாட்டிய கை ஓய்ந்துவிட்டது.

அடுத்த மாதம் சிவா மதுரையில் இருந்து கிளம்பினார். உயிர் போவதானால் பாரதபுரத்து மண்ணில்தான் போக வேண்டும் என்று எண்ணினார் போலும். அருகில் ரெயில் ஓடிக்கொண்டு இருந்தது. அவரோ சாலையில் ஊர்ந்துகொண்டு வந்தார்.

ஜூலை 22-ந்தேதி ஆசிரமத்தை அடைந்தார்.

மறுநாள் 23-ந்தேதி, வியாழக்கிழமை அதிகாலையில் அவர் உயிர் பிரிந்தது.

வந்து சேர ஒரு பயணம். கண்ணை மூட ஓர் இரவு. அவ்வளவுதான் பாக்கி இருந்தது. அவர் ஆசைப்பட்ட கோயிலோ அடிக்கல்லோடு நின்றது.

நூறு ஆண்டுக்குப் பின்

2025-ம் ஆண்டு ஜூலையோடு சிவா மறைந்து நூறு ஆண்டுகள் நிறைந்தன.

பாப்பாரப்பட்டியில் அவருக்குத் தமிழக அரசு மணிமண்டபம் எழுப்பியது. அவர் கனவு கண்ட இடத்தில் பாரத மாதா நினைவாலயமும் 2021-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. அடிக்கல் நாட்டிய நாளில் இருந்து கணக்குப் பார்த்தால் 98 ஆண்டுகள்! தர்மபுரி மாவட்டம் கோபாலபுரத்தில் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கும் சுப்பிரமணிய சிவாவின் பெயரே வைக்கப்பட்டது.

அவரைக் கொன்ற நோய்க்கும் மருந்து வந்துவிட்டது. சிவாவின் காலத்தில் நீரடிமுத்து எண்ணெய் போன்றவைதான் மருந்து. அதனால் பெரிய பலன் இல்லை. 1940-களில் டாப்சோன் என்ற மருந்து வந்தது. 1980-களில் இருந்து பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். தோலில் உணர்ச்சி இல்லாத வெளுத்த தேமல் தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். சீக்கிரம் பார்த்தால் கையும் காலும் ஊனமாகாது.

மருந்து வந்த வேகத்தில் மனம் மாறவில்லை. 1898-ம் ஆண்டுச் சட்டம் 2016-ம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருந்தால் அதையே காரணமாகக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019-ம் ஆண்டு வரை இருந்தது!

நோயாளரை மட்டுமா சமூகம் தள்ளி வைத்தது? பிறந்த சாதியைச் சொல்லிச் சிலரைத் தள்ளியது. ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல என்று கேலி பேசித் திருநங்கைகளைத் தள்ளியது. வீட்டில் இருந்து விரட்டியது. பஸ்சில் பக்கத்தில் உட்கார மறுத்தது. அவர்களும் பேசினார்கள், போராடினார்கள். 2008-ம் ஆண்டில் தமிழக அரசு அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. மூன்றாம் பாலினம் என்று அவர்களுக்குச் சட்டப்படி இடம் உண்டு என 2014-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

தள்ளி வைக்கப்பட்டவர் எவராயினும், அவர் கேட்பது பெரிய தானம் அல்ல. எல்லோரும் நடக்கும் தெருவில் நடக்க வேண்டும். எல்லோரும் ஏறும் வண்டியில் ஏற வேண்டும். எல்லோரும் கும்பிடும் கோயிலில் கும்பிட வேண்டும். அவ்வளவுதான்.

தர்மபுரி வழியாகப் போகிறவர்கள் ஒருமுறை பாப்பாரப்பட்டிக்கும் போய் வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். ரெயிலில் வந்தாலும், பஸ்சில் வந்தாலும், அங்கே இறங்கும்போது ஒன்றை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இந்த ஊருக்கு ஒருவர் புண்பட்ட காலோடு சாலை வழியே வந்தார். அவருக்கு வண்டியில் இடம் கொடுக்க நாடு மறுத்தது. அவரோ நாட்டில் உள்ள எல்லோருக்கும் இடம் உள்ள ஒரு கோயிலுக்குக் கல் நாட்டச் செய்துவிட்டுப் போனார்.